கஸ்தூரிக்கு மறுத்த இடம்

நான்தான் கெடுத்தேன். கஸ்தூரிக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலையைத் தடுத்தவன் நானே. பழியைச் சட்டத்தின் மீது போட்டுவிட்டு இத்தனை காலம் ஒளிந்திருந்தேன்... இனி முடியவில்லை. உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. திண்டிவனம் சாலையில் ஒரு நூற்பாலை. நான் அங்கே தொழிற்சங்கச் செயலாளர். கஸ்தூரி, திருவாமாத்தூரிலிருந்து வந்துபோன தற்காலிகத் தொழிலாளி. நூற்பு எந்திரத்தில் நிரந்தர இடம் ஒன்று காலியானபோது அவள் கேட்டாள். வேலை தெரிந்தவள், முறைப்படி அடுத்த இடம் அவளுக்குத்தான்.

ஆனால் அதில் இரவு ஷிப்டும் உண்டு. பெண்களை இரவில் ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். அவளுக்குப் பகல் ஷிப்டுகளை மட்டும் மாற்றிமாற்றிக் கொடுக்கலாம், சங்கம் சம்மதித்தால் போதும் என்று மேனேஜரே இறங்கி வந்தார்.

நான் சம்மதிக்கவில்லை.

சம ஊதியம் வாங்குபவள் சமமாக இரவையும் சுமக்க வேண்டாமா, அவள் பங்கு இரவை எந்த ஆண் சுமப்பான் என்று அவர் அறையில் வாதாடினேன். இரவில் வரச் சட்டம் விடாது. வராவிட்டால் நான் விடமாட்டேன்... அவள் எங்கே போவாள்? சமத்துவம், சமத்துவம் என்று மேடைதோறும் முழங்கிய வாய்தான் இது!

உண்மைக் காரணம் வேறு. என் மனைவியின் தம்பி வேலையில்லாமல் எங்கள் வீட்டில் இருந்தான். அந்த இடத்தில் அவன் சேர்ந்தான்.

வெளியே காத்திருந்த கஸ்தூரியிடம், சட்டம் இடம் தரவில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னேன்.

"கழனில ராத்திரியெல்லாம் தண்ணி கட்டிக்கினுதான இருக்கோம். அங்க எந்தச் சட்டமும் வர்லியேண்ணா?"

வேலை இருக்கிறது என்று சங்க அறைக்கு நடந்துவிட்டேன்.

அந்த ஆண்டே ஆலை தற்காலிகப் பெண்களை நிறுத்தியது. நிரந்தரமாகியிருந்தால் அவள் தப்பியிருப்பாள்.

சில ஆண்டுகள் கழித்து, விழுப்புரம் பேருந்து நிலையத்தில் என்னைக் கண்டு அவளே ஓடிவந்தாள். விரல் நுனிகள் வெடித்திருந்தன. குடும்பத்தோடு செங்கல் சூளையில் இருக்கிறாளாம். வெயிலுக்கு முன் கல் அறுக்க வேண்டுமென்று நடுராத்திரியிலேயே எழுப்பிவிடுவார்களாம். அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை.

"அன்னிக்கி எனக்காவ உள்ள போயி அம்மாம் நேரம் பேசனீங்க. அத நான் மறக்கலண்ணா" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"பொண்ணு பத்தாவது முடிச்சிட்டா. எங்கனா ஒரு வேலைக்குச் சொல்லி உடுங்கண்ணா. நீங்க சொன்னா கேப்பாங்க."

சரி என்று தலையசைத்தேன். பெண்ணின் பெயரைச் சொன்னாள். மறந்துவிடப்போகிறேனே என்று இன்னொரு முறையும் சொன்னாள்.

நான் யாரிடமும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பேன், சொல்லுங்கள்? அந்தப் பெண்ணின் பெயர் செல்வி. இன்னும் மறக்கவில்லை.