நிரம்பி வழிந்த மெமரி, வராத டேர்ன்

இணையதளம் ஓடுகிறவரைக்கும் நம்மை ஒரு ஜீவனும் நினைக்காது. நின்றுபோனால் மட்டும் நம் பேர் ஊருக்கே ஞாபகம் வரும். சர்வர் வேலையில் மாட்டி நொந்துபோன உங்களுக்கு இதை நான் சொல்லித்தான் தெரியணுமா?

மறையூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். எங்கள் கம்பெனி பராமரிக்கும் சைட்டுகளில் ஒன்று, இங்குள்ள ஜீப் ஓட்டுநர் சங்கத்துடையது. சுற்றுலா வருகிறவர்கள் அதில் புக் செய்தால், பட்டியல் வரிசைப்படி யாருடைய டேர்னோ அவர் வண்டி போகும். எவரோ எழுதிவிட்டுப் போன புரோகிராம், என் தலையில் விடிந்தது.

கொட்டாவித் தம்பி

தினமும் ரெண்டு மூணு தடவை சர்வரில் மெமரி நிரம்பி, சைட் படுத்துவிடும். தோண்டிப் பார்த்தேன். பயணிகள் ஏற்றும் போட்டோக்களைச் சின்னதாக்க எக்ஸ்டென்ஷன் என்று ஒரு துணை புரோகிராம் போட்டிருந்தார்கள். வேலை முடிந்த பிறகும், எடுத்த மெமரியை அது திருப்பித் தருவதே இல்லை. பழைய பதிப்பில் இருக்கிற கோளாறு. புதுப் பதிப்பைப் போடுங்கள் என்று சர்வரை வாடகைக்கு விடும் ஹோஸ்டிங்காரர்களிடம் கெஞ்சாத குறை. போனில் பேசிய தம்பி கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்: "ரீஸ்டார்ட் பண்ணுங்க மேடம், சரியாயிடும்."

கடைசி வண்டி

அப்படியே ரீஸ்டார்ட் செய்து காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஜீப் ஸ்டாண்டில் மாரியண்ணன் வழிமறித்தார். சங்கத்தில் கடைசியாகச் சேர்ந்தவர், பட்டியலிலும் கடைசிப் பேர். சைட் வந்ததிலிருந்து அவருக்கு ட்ரிப்பே விழுவதில்லையாம். "காலையில வந்து நிக்கேன், பொழுதடைய சும்மா வீட்டுக்குப் போறேன். வண்டிய வித்துட்டு எஸ்டேட் வேலைக்கே போயிரலாம்னு பாக்கேன்மா."

புகார் வரலையாம்

அன்றைக்கே புரோகிராமைத் திறந்து பார்த்தேன். அடப்பாவிகளா! அடுத்த டேர்ன் யாருக்கு என்பதை டேட்டாபேஸில் எழுதாமல், இன்னொரு எக்ஸ்டென்ஷனைப் போட்டு வெறும் மெமரியில் வைத்திருக்கிறான் இதை எழுதிய புண்ணியவான். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் அது அழிந்துபோகும். டேர்ன் மறுபடி முதல் பேரிலிருந்து ஆரம்பிக்கும். பாதிப் பேரைத் தாண்டுவதற்குள் அடுத்த ரீஸ்டார்ட். மாரியண்ணனுக்கு எந்த ஜென்மத்தில் வரும்?

உடுமலையில் இருக்கும் என் மேனேஜருக்கு போன் போட்டு, ஒரு மனுஷன் பிழைப்பே போகிறது சார் என்று கத்தினேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "சங்கத்துல இருந்து புகார் எதுவும் வரலையேம்மா, நமக்கெதுக்கு?"

தலைவரின் போன்

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த போட்டோ எக்ஸ்டென்ஷனையே கழற்றி எறிந்தேன். போட்டோ பயணியின் போனிலேயே சின்னதாகி வரும்படி எழுதினேன். டேர்னை டேட்டாபேஸில் ஏற்றினேன். சைட் படுப்பது நின்றது. டேர்ன் ஒழுங்காகச் சுற்றி வந்து, மாரியண்ணன் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அருவிக்குப் போனார். போகும்போது ஹாரனை அடித்துக்கொண்டே போனார் மனுஷன்.

அந்த வாரமே சங்கத் தலைவர் கூப்பிட்டார். பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்லணும். பட்டியலில் முதல் பேர் அவருடையது. "எல்லாம் நல்லாத்தானம்மா ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதப் போயி ஏன் நோண்டுன? பழையபடி அப்பப்ப ஒரு ரீஸ்டார்ட் மட்டும் பண்ணிவிடு, போதும்."

இப்போதெல்லாம் எந்த சைட் படுத்தாலும், எது கெட்டுப்போனது என்று தேடுவதற்கு முன்னால், அது கெட்டுக் கிடப்பது யாருக்கு வசதி என்றுதான் முதலில் விசாரிக்கிறேன்.