மூன்றாவது பந்து

நிமோனியாவோடு திருகோணமலை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் கரையில் நின்று கடல்வலை இழுக்கும் நிலாவெளிக் கரைவலைக்காரர் ஒருவர் இருந்தார். அகன்ற தோள், கயிறு இழுத்துக் காய்த்த உள்ளங்கை. எங்கள் இருவருக்கும் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கியிருந்தது. அது விரியாவிட்டால் சளி தேங்கி மறுபடியும் காய்ச்சல் வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

மூச்சை உள்ளே இழுத்து மூன்று பந்துகளை மேலே ஏற்றும் பிளாஸ்டிக் கருவியை ஆளுக்கொன்று தந்தார்கள். அவர் எப்போதும் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்துதான் இழுப்பார். அவருக்கும் சரி எனக்கும் சரி, மூன்றாவது பந்து அசையாது.

"வலை இழுத்த எனக்கு இந்தப் பந்தை இழுக்க ஏலாமக் கிடக்கு மிஸ்," என்றார் தாதியிடம்.

"தோளைத் தூக்கி இழுக்காதேங்கோ. நெஞ்சுக்குக் கீழ உதரவிதானம் எண்டொரு தசை இருக்கு. அது இறங்கினாத்தான் அடிவரைக்கும் காத்துப் போகும். வயித்தை விரிய விடுங்கோ."

அன்று பின்னேரம் அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபோது, மூன்றாவது பந்து ஏறியதை நான் கண்டேன். அவர் யாரையும் கூப்பிடாமல் கருவியை மேசையில் வைத்தார். எழுந்து வந்து என் கட்டிலில் அமர்ந்து, அந்தச் சொரசொரப்பான கையை என் வயிற்றில் வைத்தார்.

"மூச்சை இழுத்து என்ர கையைத் தள்ளுங்கோ அண்ணை."

என் கருவியை வாயில் வைத்து இழுத்துத் தள்ளினேன். இருமினேன். அவர் கையை எடுக்கவில்லை. கடைசியில் என் மூன்றாவது பந்து ஏறியதும், "எல்லாரும் இஞ்ச பாருங்கோ! அண்ணை ஏத்திப்போட்டார்!" என்று வார்ட் அதிரக் கத்தினார்.

தன் பந்தைப் பற்றி மூச்சே விடாத மனிதர், என்னுடையதற்கு ஏன் அத்தனை பேரைக் கூப்பிட்டார் என்று இன்னும் யோசிக்கிறேன்.