பொதுமக்கள் இல்லாத தெரு

கீதாவுக்கு எதையும் கேட்காமல் விடத் தெரியாது. சத்தியமங்கலத்தில் பவானி ஆற்றை ஒட்டிய அந்தத் தெருவில் அவளிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள், அளவோடு சேர்த்து வீட்டு நடப்பையும் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். "ஏனுங்க" என்று ஆரம்பிப்பாள். மற்றவர்களுக்கு அது ஆளைக் கூப்பிடும் சொல். அவள் வாயில் அது கேள்வியாகத்தான் விழும்.

பிறந்தது அன்னூர்ப் பக்கத்து மேட்டுக்காடு. குடிக்கிற தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த வருஷம் ஆறு படித்துறையைத் தாண்டித் தெருவுக்குள் ஏறியபோது, எல்லோரும் சாமான்களைத் தூக்கிக்கொண்டிருக்க இவள் மட்டும் வாயைப் பிளந்து நின்றாளாம். "தண்ணி நம்மளைத் தேடி வருதுங்களே" என்றாளாம். கணவன் கதிர்வேல் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான்.

ஆகவே, கோயம்புத்தூரிலிருந்து யஷ்வந்த் என்ற இளைஞர் ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் வந்து, வெள்ளம் வந்தால் இந்தத் தெரு எப்படித் தாங்கும், எப்படித் தப்பும் என்று கணக்கெடுக்க உள்ளூரில் ஒருவர் வேண்டும் என்றபோது, தெருவே கீதாவைக் கைகாட்டியது. சம்பளம் கிடையாது. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கலாம் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. "அணையில தண்ணி திறந்துட்டா ஊட்டைப் பூட்டிப்போட்டு மேட்டுக் கல்யாண மண்டபத்துக்கு வந்துருவீங்களா?" ஒரு வீடு பாக்கியில்லாமல் ஒரே பதில்: "ஆகட்டுங்க." கீதா பூரித்துப்போனாள். எல்லோரும் வருவார்கள் என்று யஷ்வந்திடம் சொன்னாள். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தார்கள். "பொதுமக்கள் அனைவரும் உடனடியாகப் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்" என்று மைக் கட்டிய ஆட்டோ தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தது. மண்டபத்தில் ஒரு பெரிய அண்டா நிறையத் தக்காளி சாதம் ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிடத்தான் ஆளில்லை. டீக்கடை சுப்பண்ணன் மட்டும் கேட் வரைக்கும் வந்து, வெளியிலேயே நின்றார்.

"ஏனுங்கண்ணா, இத்தனை தூரம் வந்துபோட்டு உள்ள வரமாட்டீங்களா?"

"இருக்கட்டும் அம்மணி. யாரு ஊட்டு விசேசமுங்க?"

"விசேசம் இல்லீங்கண்ணா. வெள்ளத்துக்கு ஒத்திகை."

"எதா இருந்தா என்னுங்க. மண்டபத்துக்குள்ள அழைக்காம எப்படி வாறது?"

"மைக்குல அழைச்சாங்களே."

"அது பொதுமக்களைத்தானுங்களே கூப்பிட்டாங்க" என்றார் சுப்பண்ணன், வெகு பொறுமையாக.

கீதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் சொன்னது சரி. அந்தத் தெருவில் சுப்பண்ணன் இருக்கிறார், முட்டைக்கடை ஃபர்சானா இருக்கிறாள், தறிக்காரர் ஐயாசாமி இருக்கிறார். பொதுமக்கள் என்று யாரும் இல்லை. பந்தியில் அழையாமல் உட்கார்ந்தார் என்ற பேச்சுக்கு ஆளாவதைவிட இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பது மேல் என்று நினைக்கிற சனங்கள் இவர்கள்.

"எல்லாருமே ஆகட்டுங்கன்னு சொன்னாங்களே" என்றார் யஷ்வந்த், அண்டாவைப் பார்த்தபடி. பிறகு அவரே நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எங்க ஊட்டுல அப்பா, பொண்ணு பார்த்த இடம் புடிக்கலைன்னா அதைத்தானுங்க சொல்லுவாரு."

கீதா மட்டும் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் ரவிக்கை வேண்டும் என்பவர்களுக்கு அவளும் அதைத்தான் சொல்கிறாள். எந்த வெள்ளிக்கிழமை என்று அவளுக்கே தெரியாது. முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்லக் கூசுகிறவர்கள், கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டோம் என்பதற்குச் சொல்கிற சொல் அது. தன் நாக்கிலேயே கிடக்கிற சொல்லை எப்படித் தப்பாகக் கேட்டோம் என்று அன்று முழுக்க யோசித்தாள். ஆமாம் என்று கேட்க ஆசைப்பட்ட காதுக்கு ஆமாம் என்று கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி என்ன செய்வது என்பதும் தெளிவாகத் தெரிந்தது. கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி புருசனும் பெண்டாட்டியுமாக வாசலேறி அழைக்க வேண்டும். வெள்ளத்துக்குக் குங்குமம் நீட்டுவது அபசகுனம், அது வேண்டாம். மண்டப வாசலில் கதிர்வேல் நின்று "வாங்க வாங்க" என்று கும்பிட வேண்டும். யஷ்வந்த் ஒப்புக்கொண்டார். கதிர்வேலும் தலையாட்டினான். ஒரே ஒரு வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்பதுதான் இருவருக்கும் தெரியவில்லை.

தெருவின் கடைசி வீடு, படித்துறையை ஒட்டியது. தண்ணீர் முதலில் ஏறுவதும் அங்கேதான். அதில் தனியாக இருப்பவர் செல்லாத்தாள், கதிர்வேலின் பெரியப்பா மகள். கீதாவுக்கு நங்கையா, அதாவது நாத்தனார் முறை. புதுப்பெண்ணாக வந்தவளுக்கு ஆற்றில் குளிக்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். கீதாவின் மகள் கல்யாணத்தின்போது ஊர் ஊராகப் போய் அழைத்த இருவரும், நம் அக்காதானே, தெருவிலேயே இருக்கிறாரே, நாளைக்குப் போகலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் கதிர்வேல் பத்திரிகையைப் போனில் அனுப்பிவிட்டான். செல்லாத்தாள் வரவில்லை. சண்டையும் போடவில்லை. அதுவரை "டேய்", "ஏ புள்ள" என்று கூப்பிட்டவர், மறுநாள் முதல் இருவருக்கும் ஒரு 'ங்க' சேர்த்துக்கொண்டார். திட்டுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். மரியாதை கொடுக்கிறவர்களை என்ன செய்வது? இரண்டு வருஷமாக கீதாவுக்கு அந்த 'ங்க' ஒவ்வொன்றும் ஊசியாகக் குத்தியது.

ஐப்பசியில் மழை விடாமல் பிடித்தது. ஒரு மத்தியானம் அணையில் உபரி நீரைத் திறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. மைக் ஆட்டோ போனது, யாரும் அசையவில்லை. பின்னாலேயே கீதாவும் கதிர்வேலும் போனார்கள். "அண்ணா, குடும்பத்தோட வந்துருங்க. அக்கா, நீங்க வந்துதான் ஆகோணும்." சுப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதலில் கிளம்பினார். ஃபர்சானா முட்டை அட்டைகளோடு வந்தாள். ஐயாசாமி தறியில் இருந்த பாவு நூலைச் சுருட்டிக்கொண்டு வந்தார். மண்டபம் நிறைந்தது.

கடைசி வீட்டுக்குப் போகும்போது கணுக்காலுக்குத் தண்ணீர் வந்திருந்தது. செல்லாத்தாள் கட்டிலில் கால்களைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, மண்டபத்துக்கு அழைக்க வந்திருக்கறோமுங்க" என்றான் கதிர்வேல்.

"எதுக்குங்க இத்தனை சிரமம்? போனுலயே சொல்லியிருக்கலாமுங்களே."

 ஆறு வாசற்படியைத் தொட்டு நுரைத்தது. கேட்பதற்கு எப்போதும் ஒரு கேள்வி வைத்திருக்கும் கீதாவுக்கு அன்று ஒன்றுமே கிடைக்கவில்லை. மனதில் இருந்ததுதான் வாயில் வந்தது.

"நங்கையா, நீங்க இல்லாம அந்த மண்டபத்துல எங்க ஊட்டுக் கல்யாணமே ஒருக்கா நடந்துபோச்சுங்க. சோறே எறங்கலை. இன்னொருக்கா அப்படி நடக்க வேண்டாமுங்க. நீங்க வராட்டி நாங்களும் இங்கயே நின்னுக்கறோம்."

செல்லாத்தாள் வாசலில் ஏறும் தண்ணீரை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "ஆகட்டுங்க" என்றார்.

 அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கீதா இப்போதுதான் படித்து முடித்திருக்கிறாள். செல்லாத்தாள் எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் அறைக்குள் வழிந்தது. "அக்காவைத் தூக்கிட்டாச்சும் போயர்றேன்" என்று கதிர்வேல் முணுமுணுத்தான்.

அவர் வெளியே வந்தபோது நல்ல சேலை மாற்றியிருந்தார். கையில் கோயம்புத்தூர் ஜவுளிக்கடைப் பை ஒன்று, பிரிக்காமலே மடிப்புக் கலையாமல் இருந்தது. பையின் வாயோரத்தில் மஞ்சள் தடவிய தடம் மங்கிப்போயிருந்தது. உள்ளே இருப்பது எந்தக் கல்யாணத்துக்கு வாங்கிய பட்டு என்று கேட்க கீதாவுக்கு வாய் திறக்கவில்லை. எதையும் கேட்காமல் விடத் தெரியாதவள், அதை மட்டும் கேட்கவில்லை.

"என்ன புள்ள பார்க்கறே?" என்றார் செல்லாத்தாள். "மண்டபத்துக்கு வெறுங்கையோட வர முடியுமா? இந்தா, நனையாமப் புடி."