வானத்திலிருந்து பார்த்த எங்கள் கிணறு

செய்மதி எங்கள் கிணற்றைப் பாராட்டியிருப்பதாகத் தொலைபேசியில் ஒரு பெண்பிள்ளை சொன்னபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. அவ்வளவு உயரத்திலிருந்து ஒருவர் நம்மைப் பாராட்டினால், காணிக்கு ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

அந்தப் பிள்ளை நிலத்தடி நீரை ஆராய்கிறவர். கோடையிலும் எங்கே பச்சை தெரிகிறது, சுண்ணாம்புக்கல்லில் எங்கே வெடிப்பு ஓடுகிறது என்று செய்மதிப் படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்ததில், வட்டுக்கோட்டையில் எங்கள் மூலை நீலமாக வந்ததாம். நீலம் என்றால் நல்ல தண்ணீர். நேரில் வந்து உப்பை அளந்து சரிபார்க்க வேண்டும்.

கிணறு எனக்கும் அயல்வீட்டுக்காரருக்கும் பங்கு. ஆளுக்கொரு மோட்டர். அவர் வெங்காயம் செய்கிறவர், நான் புத்தகம் வாசிக்கிறவன். ஆகவே தண்ணீருக்கு எந்தக் கேடு வந்தாலும் அவர்தான் காரணம் என்பது என் நெடுநாள் முடிவு.

வெளியாள் எட்டிப்பார்க்கப்போகும் கிணற்றில் பாசியும் சருகும் கிடக்கலாமா? முதல்நாளே மோட்டரைப் போட்டு அடி தெரிய இறைத்து, ஆள் இறக்கிச் சேறு அள்ளி, கிணற்றைக் கலியாணவீடு மாதிரி ஆக்கிவைத்தேன்.

பிள்ளை வந்து ஒரு கம்பியைத் தண்ணீரில் இறக்கினார். முகம் மாறியது.

"அங்கிள், உப்புக் கூட இருக்கு. குடிக்க ஏலாது. படத்திலை சிவப்பாத்தான் போடவேணும்."

'அங்கிள்' செமிக்கும் முன்னரே அடுத்த அடி. இரண்டு வீட்டுக்கும் குடிக்க இருப்பது இந்தக் கிணறு ஒன்றுதான். நான் உடனே வேலியைக் காட்டினேன்.

"உந்தப் பக்கத்தைக் கேளுங்கோ பிள்ளை. வெங்காயத்துக்கு ஓயாத இறைப்பு."

வேலிக்கு மேலே ஒரு தலை எழும்பியது. "அண்ணை, நான் வெங்காயம் கிண்டி எடுத்து எவ்வளவு காலம், இப்ப தோட்டம் வெறுமையாக் கிடக்கு! நேற்று முழுக்க ஓடினது ஆரின்ரை மோட்டர்?"

பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். துப்புரவாக்கிய பெருமையைச் சொன்னேன்.

"ஐயோ அங்கிள்! அடியிலை கடல்தண்ணி. அதுக்கு மேலைதான் நல்லதண்ணி மிதக்குது. மேலை கிடந்ததை நீங்கள் ஒட்ட இறைச்சா, கீழை கிடந்தது ஏறி வரும்தானே? இனி ரெண்டு வீடும் மோட்டர் போடாதேங்கோ, வாளியாலை அள்ளுங்கோ. மழைக்கு முன்னம் திரும்ப வாறன். அப்பவும் உப்பெண்டால் சிவப்புத்தான்."

அன்றுதொட்டு வாளிதான். நான் அள்ளுவது எனக்குத் தெரியும். அவர் அள்ளுவதற்கு யார் சாட்சி? அவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, வேலிக்கு மேலால் கையை நீட்டி அவருடைய மோட்டரைத் தொட்டுப்பார்த்தேன். குளிர்ந்திருந்தது. மறுநாளும் அப்படியே. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகொருநாள் என் மோட்டரில் படிந்த தூசியில் ஒரு கை அடையாளம் கண்டேன். என் கையைவிடப் பெரிய கை.

பிள்ளை திரும்பி வந்து கம்பியை இறக்கினார்.

"உப்பு இறங்கீட்டுது அங்கிள், குடிக்கலாம். நீலமாவே விடுறன். என்னெண்டு ரெண்டு வீடும் இவ்வளவு நாள் மோட்டர் போடாமல் இருந்தனியள்?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

"ஒருத்தரிலை ஒருத்தருக்கு உள்ள நம்பிக்கை, தங்கச்சி," என்றார் அயலவர்.

என் மோட்டரில் அன்று காலை பதிந்த பெரிய கையடையாளத்தில் இன்னும் ஈரம் காயவில்லை.