ஜெபப் பெட்டியில் போட்ட சீட்டு

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத் கொண்டாப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் மருமகளின் போனில் ஒரு பிரசங்கியார் பேசிக்கொண்டிருந்தார். ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வதைச் சட்டம் பொறுத்தாலும் சபை பொறுக்கக் கூடாது, அதற்கு உரிமை கேட்பதே பாவம் என்றார். கணீரென்ற குரல். எனக்கு எட்டு வயதில் நடந்தது ஞாபகம் வந்தது. மருமகளிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததால் எழுதுகிறேன்.

அப்பாவுக்குச் சிகந்தராபாத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அம்மாவின் தம்பியும் அங்கேதான். அந்த மாமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூட வேலை பார்த்த ஒருவரோடு ஒரே குவார்ட்டர்ஸில் இருந்தார். அவரைக் கூட்டாளி மாமா என்று கூப்பிடுவேன். ஹைதராபாத்திலேயே வளர்ந்த தமிழர். பேச்சில் பாதி உருது. ஞாயிற்றுக்கிழமை சபைக் கோவிலில் ஆராதனை முடிந்ததும் இருவருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

அந்த வருஷம் சபையில் மூன்று நாள் கூட்டம். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் சனிக்கிழமை மாலை, பெண்ணைக் கட்டாமல் ஆணோடு குடித்தனம் நடத்துகிறவர்களைப் பற்றி மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார். பலபேர் திரும்பி மாமாவைப் பார்த்தார்கள். சட்டையில் ஏதாவது கறை இருக்கிறதோ என்று நானும் பார்த்தேன். இல்லை, சலவைச் சட்டை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஆரம்பித்தார். “நாளையிலேர்ந்து ஒந் தம்பி சாப்பாட்டுக்கு வரண்டாம்னு சொல்லிரு. ஊரே நம்மளப் பாக்கு.”

“இந்த ஊர்ல எனக்கு அவன விட்டா யாரு இருக்கா?” என்றாள் அம்மா.

“அப்பம் ஒத்தையில வரட்டும்.”

“ஒத்தையில வரமாட்டான். ஒங்களுக்கே தெரியும்.”

காலையில் அம்மா வழக்கம்போல் எங்கள் நாலு பேரோடு சேர்த்து ஆறு பேருக்கு அரிசி எடுத்துவிட்டு, இரண்டு பேருக்கானதைத் திரும்ப டின்னில் போட்டாள்.

எங்கள் சபையில் பிறந்தநாள், கல்யாண நாள் வந்தவர்கள் ஒரு சீட்டில் எழுதி ஜெபப் பெட்டியில் போடுவார்கள். ஆராதனையில் அதை வாசித்து, அவர்களை முன்னால் கூப்பிட்டு ஜெபிப்பார்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, தம்பி சின்னவன். எங்கள் வீட்டுச் சீட்டெல்லாம் என் கையெழுத்துதான். அந்த வாரம் கூட்டாளி மாமா கேசரி கிண்டிக் கொடுத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

“நாங்க இந்த வீட்டுக்கு வந்து பத்து வருஷம் ஆச்சு பாப்பா. எங்களுக்கும் ஒரு நாள் வேணாமா, கைக்கு வேணாம்?”

‘கைக்கு’ என்றால் அவர் உருதுவில் ‘ஏன்’. வேணும்தான் என்று எனக்கும் பட்டது. இருவர் பெயரையும் எழுதி, ‘ஒரே வீட்டில் பத்து வருஷம் சந்தோஷமாய் வைத்ததற்கு ஸ்தோத்திரம்’ என்று எழுதினேன். யாரிடமும் சொல்லாமல் பெட்டியில் போட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு ஆராதனை நடத்தியது அதே பிரசங்கியார். அவருக்கு எங்கள் சபையில் யாரையும் தெரியாது. சீட்டை உரக்க வாசித்தார். “யார் இந்தச் சகோதரர்கள்? முன்னால வாங்க” என்றார்.

அப்பா குனிந்துகொண்டார். “நக்கோ, நக்கோ, வேணாம்” என்று கூட்டாளி மாமா மாமாவின் கையைப் பிடித்து இழுத்தார். சீட்டு வீணாகிவிடுமே என்று எனக்குப் பதற்றம். எழுந்து நின்று, “அந்தா, மூணாவது வரிசையில இருக்காங்க!” என்று கத்திவிட்டேன். கோவிலில் நான் வாயைத் திறந்து பேசியது அந்த ஒரு தடவைதான்.

இருவரும் போய் முழங்கால் போட்டார்கள். பிரசங்கியார் ஆளுக்கொரு கையாகத் தலையில் வைத்து, இவர்களுடைய ஐக்கியத்தை ஒருவரும் குலைக்காதபடி காத்துக்கொள்ளும் என்று உருக்கமாக ஜெபித்தார். முதல் ஆமென் அம்மாவுடையது. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் மாமாவும் அவரும் தங்கள் வீட்டுப் பக்கம் நடந்தார்கள். அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

“எங்கடே போறீய? அவரே தலையில கைய வச்சாச்சு, இனி நான் என்னத்தச் சொல்ல? ரெண்டு பேரும் வாங்கடே, சாப்பிட.”

அம்மா ஓட்டமாய்ப் போய் மறுபடியும் உலை வைத்தாள்.

இலையில் கறிக்குழம்பை ஊற்றியதும் கூட்டாளி மாமா சாப்பிடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. குழம்பில் காரம் ஜாஸ்தி என்று நினைத்து, நான் ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீரும் கொஞ்சம் சீனியும் கொண்டுவந்து வைத்தேன்.

அன்றைக்கு ஆட்டுக்கறியா கோழியா என்பது மறந்துவிட்டது. என் தம்பி இதைப் படித்தால் சரிபார்த்துத் திருத்தட்டும்.