எதிர் போர்ஷன்காரியின் அரிசி கார்டு

பீர்க்கன்கரணையில் எங்கள் காம்பவுண்டில் நான்கு போர்ஷன். எதிர் போர்ஷன் அக்காவிடம் இருப்பது அரிசி கார்டு. எங்களுடையது சர்க்கரை கார்டு. அரிசி வேண்டாம், அதற்குப் பதில் கூடுதல் சர்க்கரை போதும் என்று கல்யாணமான புதிதில் என் கணவரே எழுதிக் கொடுத்து வாங்கியது. ரேஷன் அரிசியை நாம் சாப்பிடவா போகிறோம் என்ற மிதப்பு. கம்பெனி வேலை இருந்த காலம் அது.

ஆட்களைக் குறைத்தபோது அவர் வேலையும் போயிற்று. அப்போதுதான் எதிர் வீட்டு அரிசி என் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. மாதா மாதம் அக்கா ஸ்கூட்டியின் முன்னால் அரிசிப் பையை வைத்துக்கொண்டு வந்து இறங்குவாள். ஸ்கூட்டி! மகன் தாம்பரத்தில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான், வீட்டில் சுவரளவு டி.வி. அவளுக்கு இலவச அரிசி, எனக்கு மளிகைக் கடை அரிசி. என்ன நியாயம் இது? பொங்கல் பரிசு வாங்கிக்கொண்டு கரும்பை ஆட்டியபடி அவள் வந்த அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

கடைசியில் நானும் இ-சேவை மையத்துக்குப் போய் கார்டை மாற்ற எழுதிப் போட்டேன். அரிசிச் செலவு நின்றால்தான் பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் போட முடியும் என்ற நிலை.

விசாரணைக்கு ஒருவர் வந்தார். வாசலில் நின்றபடியே, "வீட்டுக்காரர் என்னம்மா பண்றார்?" என்றார்.

பதில் நுனி நாக்கில் இருந்தது. அந்த நேரம் பார்த்து எதிர் வாசலில் அக்கா முறத்தோடு வந்து நின்றாள். அவள் காதுபட வேலை இல்லை என்று சொல்வதா? உயிரே போனாலும் மாட்டேன்.

"சூப்பர்வைசர் சார். நல்ல சம்பளம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்புறம் எதுக்கும்மா அரிசி கார்டு?"

அவர் கிளம்பத் திரும்பிவிட்டார்.

"அய்ய, அவ பேச்சக் கேக்காத சார்!" அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "அந்தாளுக்கு வேலை பூட்ச்சு. மாசக்கணக்கா வூட்ல குந்திகினு கீறாரு. பசங்க மூஞ்சி காஞ்சி கீது பாரு. எழுதிக்கோ சார், நா சாட்சி."

மற்ற இரண்டு போர்ஷன் கதவுகளும் திறந்தன. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

கார்டு மாறிவிட்டது. முதல் மாத அரிசிக்குப் போன அன்று வரிசையில் எனக்கு முன்னால் அவள்தான். "பை கிழிஞ்சி கீது, இத்த வெச்சிக்கோ" என்று தன் பைகளில் ஒன்றை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை.

என் வீட்டில் உலை கொதிப்பது அவள் பேசியதால்தான் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அரிசி கார்டு எழுதிப் போட்டால் கிடைக்கிறது. ஆகாதவளுக்காகக்கூடக் கூசாமல் கேட்கிற அந்த வாய் எனக்கு எந்த ஆபீஸில் கிடைக்கும்?