வெள்ளாவி நாளும் கந்தகக் களிம்பும்

தோலில் தடவும் மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்குமா? புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், பாகூர் மருந்தகத்தில் மருத்துவ உதவியாளனாக இருந்தபோது, கெடுக்கும் என்று நான் ஊரறியச் சொன்னேன். அப்போது என்னிடம் ஆதாரத்தைவிடப் பொறாமையே அதிகம் இருந்தது.

சிரங்குக்கு நாங்கள் கந்தகக் களிம்பு கொடுப்போம். பூவரசு இலையில் மடித்து, அரிக்கும் இடத்தில் தடவச் சொல்வேன். மூன்று வாரத்தில் அதே கை மீண்டும் என் மேசைக்கு வரும். பக்கத்துக் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து மட்டும் யாரும் திரும்பி வருவதில்லை. அங்கே துணி வெளுக்கும் அஞ்சலை, புங்க எண்ணெயில் கந்தகம் குழைத்து வைத்திருந்தார். ஒரு வீட்டுத் துணியை வெள்ளாவியில் ஏற்றும் நாளில், அந்த வீட்டார் எல்லோரும், அரித்தாலும் அரிக்காவிட்டாலும், கழுத்திலிருந்து கால்வரை அதைப் பூசிக்கொள்ள வேண்டும். உடுத்தியது, போர்த்தியது அனைத்தும் வெள்ளாவிப் பானைக்குப் போய் ஆவியில் வேகும். படித்துப் பட்டம் வாங்கியவன் நான். என் வாசலைக் கடந்து சனங்கள் அவரிடம் போனார்கள். மேற்பார்வைக்கு வந்த பிரெஞ்சு டாக்டர், அந்த ஊரில் மட்டும் சிரங்கு ஏன் குறைவு என்று கேட்டார். கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்றேன்.

அவ்வூர் விவசாயி கோவிந்தனின் ஆறு வயது மகள் பச்சையம்மாள் அஞ்சலையின் எண்ணெயில் குணமானவள். பிறகு செல்லிப்பட்டில், சிரங்கு பிடித்த அத்தை வீட்டுப் பிள்ளைகளோடு படுத்து எழுந்த மறுநாளே அவளுக்கு அரிப்பு தொடங்கியது. முதல் முறை, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிரங்கு வந்து ஒரு மாதம் கழித்துத்தான் அவளுக்கு அரித்தது. நான் காத்திருந்தது இதற்குத்தான். அன்று ஒரு மாதம் தாங்கிய உடம்பு இன்று ஒரு நாள்கூடத் தாங்கவில்லை, அந்த எண்ணெய் எதிர்ப்புச் சக்தியைக் கொன்றுவிட்டது என்று கோவிந்தனிடம் சொன்னேன். அவர் பயந்துபோய் அஞ்சலையைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். என் களிம்பிலும் அதே கந்தகம்தான் என்பதால், சொன்ன சொல்லைக் காப்பாற்ற நானும் களிம்பு தரவில்லை. புண்ணைக் கழுவ மருந்துத் தண்ணீர் மட்டும் கொடுத்தேன். சொறிந்த இடமெல்லாம் சீழ் பிடித்தது. சில வாரங்களில் குழந்தையின் முகம் வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று; புண்ணின் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கியிருந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள். பிழைப்பது உறுதியில்லை என்று செய்தி வந்தது.

அன்று அஞ்சலை, துணிமூட்டையை மருந்தக வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தார். ஐயா என்பதற்கு எங்கள் பக்கத்தில் பிரெஞ்சு வழக்கப்படி 'முசே' என்பார்கள்.

"முசே, என் எண்ணெ இன்னாத்த கெடுத்துச்சுன்னு சொன்னீங்க?"

எதிர்ப்புச் சக்தியை என்றேன்.

"தாங்குற சக்தி போயிருந்தா அரிக்கவே அரிக்காது முசே. மொத தபா பூச்சி பூந்தது ஒடம்புக்குத் தெரியல, ஒரு மாசம் கம்முனு கெடந்துச்சு. இப்ப அத்தோட மூஞ்சி தெரிஞ்சுபோச்சு, மறுநாளே கத்துது. அன்னிக்கே தடவியிருந்தா தீந்துபோயிருக்கும்."

இதெல்லாம் உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"நாலு ஊரு அழுக்குத் துணிதான். நீங்க கைய பாக்குறீங்க. நான் வூட்டையே பாக்குறேன்."

அடுத்த முறை டாக்டர் வந்தபோது அந்த விளக்கத்தை என் யோசனைபோலச் சொன்னேன். அவர் வியந்தார். படை முகாம்களில் தாமும் அதையே பார்த்ததாகவும், இரண்டாம் முறை அரிப்பு முந்திவிடும், பூச்சி குறைவாகவே இருக்கும் என்றும் சொன்னார். உடம்பு அடையாளம் கண்டுகொண்டதன் அறிகுறி அது. களிம்பு அதைக் கெடுப்பதில்லை. என்னைப் பாராட்டவும் செய்தார். அது அஞ்சலையின் கண்டுபிடிப்பு என்று அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

பிறகு கோவிந்தனிடம் போய், நான் சொன்னது தவறு என்றேன். அவர் கத்தவில்லை.

"அப்ப அன்னிக்கே தடவியிருக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"தடவியிருக்கலாம்" என்றேன்.

ஆறு வாரம் கழித்துப் பச்சையம்மாள் மெலிந்து, உயிரோடு வீடு திரும்பினாள். கோவிந்தன் அதன்பின் என் மருந்தகத்துக்கு வரவேயில்லை.

எங்கள் மருந்தகத்தில் களிம்பை ஆளுக்குக் கொடுக்கும் வழக்கம் அத்தோடு நின்றது. வீட்டில் உள்ளவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் கொடுத்தோம். எந்த வீட்டுக்கு எந்த நாள் என்பதை, வெள்ளாவி போடும் முறைப்படி அஞ்சலை சொல்லியனுப்புவார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த நாளில்தான் கொடுத்தேன்.